உப்புக்காற்றில் ஒரு செயின்

மணமேல்குடியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், கிணற்று ராட்டினம், மோட்டார் ரூம் பூட்டு என்று எதைத் தொட்டாலும் விரலில் செம்பொடி ஒட்டும். குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் என்பது இந்த ஊரின் பழைய பெருமை. கடற்காற்று அதைவிடப் பழையது. பாக் நீரிணையிலிருந்து இரவெல்லாம் ஏறிவரும் ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் இருக்கின்றன. அவை இரும்பில் படிந்து காயும். மறுநாள் காற்றின் ஈரத்தை மறுபடியும் இழுத்துக்கொள்ளும். அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது போலத்தான் இதுவும். மோட்டார் சைக்கிளில் இந்த அரிப்பு முதலில் பிடிக்கும் இடம் செயின்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அண்ணனின் வண்டியை ஆறு மாதமாக நாங்கள் காதால்தான் அடையாளம் கண்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து தெருவுக்குள் திரும்பும்போதே ‘கர்ர்... டக்... கர்ர்... டக்’ என்று கேட்கும். அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விடியுமுன் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வண்டி அது. பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரில் கடல் உப்பும் மீன் நீரும் கலந்திருக்கும். அது சொட்டுவது நேராகப் பின்சக்கரத்தின் மேலும் செயின் மேலும்.

“அண்ணே, செயினை மாத்திடுங்கண்ணே. ஒரு நாள் நடுரோட்டுல விட்டுடும்” என்றேன்.

“இன்னும் ஓடுது தம்பி. போன வாரந்தான் டைட் வச்சேன்” என்றார்.

டைட் வைப்பது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பின்சக்கரத்தின் அச்சைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் தொய்வு மறையும். ஆனால் செயின் ஏன் தொய்ந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கும். இரும்பு ரப்பர் போல நீண்டுவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பட்டைகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் உருளும் ஒரு ரோலர் இருக்கின்றன. பின்னும் புஷ்ஷும் உரசித் தேயும்போது இடைவெளி கூடுகிறது. 110 கண்ணி உள்ள செயினில் கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர்கூட வேண்டாம், 0.1 மி.மீ. தேய்ந்தாலே மொத்தத்தில் 11 மி.மீ. கூடிவிடும். எண்ணெய் இல்லாத இடத்தில் உப்பும் மணலும் நுழைந்தால் அந்தத் தேய்மானத்துக்கு வேகம் வந்துவிடுகிறது. தேய்ந்த செயின் பல்சக்கரத்தின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் பல்லின் மேலேறி உட்காரும். அப்போது பல்லும் தேயத் தொடங்கும்.

அந்தப் புஷ்ஷை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்புதான். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போன ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு, மெல்லிய பட்டைகளின் ஓட்டைகளே பின்னின் மேல் உரசி எல்லாச் சுமையையும் தாங்கின. சின்னக் குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே நுழைத்து, சுமை விழும் பரப்பை அவர் அகலப்படுத்தினார். இன்று உலகில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் செயினுக்குள்ளும் அந்த யோசனைதான் ஓடுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மரம் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை முடிவது என்று மராமத்து நடக்கும். மீன் வரத்து குறைந்ததால் அண்ணனுக்கும் ஒரு பகல் பொழுது கிடைத்தது. வண்டியை எங்கள் வீட்டுக் கொட்டகையில் மெயின் ஸ்டாண்டில் போட்டோம்.

முதலில் அளந்தோம். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்தோராவது பின்னின் நடுவரை ஸ்கேல் வைத்தால் இருபது கண்ணிகளின் நீளம் தெரியும். நூறு சிசி வண்டிகளில் பெரும்பாலும் வருவது 428 என்ற அளவு. முதல் எண்ணான 4, ஒரு கண்ணியின் நீளம் எட்டில் நான்கு அங்குலம், அதாவது 12.7 மி.மீ. என்று சொல்கிறது. 5இல் தொடங்கும் 520, 530 போன்றவை பெரிய வண்டிகளுக்கு. அவற்றில் கண்ணி 15.875 மி.மீ. எனவே புதிய 428 செயினில் இருபது கண்ணி 254 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு சதவீதம் கூடி 259ஐத் தொட்டால் அதன் காலம் முடிந்தது. அதற்கு முன்பே மாற்றச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அண்ணனின் செயின் 262 காட்டியது. ஸ்கேலை அவரிடமே கொடுத்து எண்ணச் சொன்னேன். இரண்டு முறை எண்ணினார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

ஸ்கேல் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பின் பல்சக்கரத்தின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் போதும், வேறு சோதனை வேண்டாம். பல்லின் வடிவத்தையும் பாருங்கள். புதுப் பல் இரு பக்கமும் சமச்சீராக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாவின் முதுகுத் துடுப்பு போல வளைந்து நிற்கும்.

இங்கேதான் பலர் காசு மிச்சம் என்று நினைத்து இழக்கிறார்கள். செயினை மட்டும் மாற்றி, தேய்ந்த பல்சக்கரங்களை விட்டுவிடுகிறார்கள். புதுச் செயின் பழைய பல்லில் ஓடினால் சில மாதத்தில் அதுவும் பழைய செயினாகிவிடும். முன்பல்சக்கரம் இன்னும் மோசம். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால், பின்சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் முன்னது மூன்று சுற்று வந்துவிடும். கவருக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை. ஆகவே கடையில் ‘செயின் செட்’ என்று முழுதாகக் கேளுங்கள்: செயின், முன் ஸ்பாக்கெட், பின் ஸ்பாக்கெட், செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக். பல்சக்கரத்தைப் பட்டறையில் ஸ்பாக்கெட் என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்டால்தான் எடுத்தும் தருவார்கள். வாங்கும்போது பழைய செயினின் வெளிப்பட்டையில் குத்தியிருக்கும் அளவையும், அதன் கண்ணி எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அறந்தாங்கியில் வாங்கிவந்த பெட்டியை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதெல்லாம் ஜப்பான்லேருந்து வருதா தம்பி?” என்றார். இல்லை. இந்தியாவின் பைக் செயினுக்குத் தமிழ்நாடே ஒரு தாய்வீடு. இங்கிருந்து அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிப் பக்கம் போனால் வருகிற பள்ளத்தூர்தான் முருகப்பா குழுமத்தின் பூர்வீக ஊர். அவர்கள் 1960இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்து டயமண்ட் செயின் நிறுவனத்தோடு கைகோத்து டி.ஐ. டயமண்ட் செயினைத் தொடங்கினார்கள். ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட முதல் விமானத்தில் இன்ஜினிலிருந்து இறக்கைச் சுழலிகளுக்குப் போன செயின்கள், அந்த இண்டியானாபோலிஸ் நிறுவனத்தின் தயாரிப்புதான். அந்தச் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். செயின் அவர்கள் கைக்குப் பழகிய பொருள். இன்னொரு பக்கம் கோயம்புத்தூர். 1937இல் போக்குவரத்து நிறுவனமாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ், பின்னால் ரோலான் என்ற பெயரில் செயின் செய்து நாடு முழுக்க அனுப்பியது. இதைச் சொன்னதும் அண்ணன் பெட்டியை வேறு மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

உளியும் சுத்தியலும்

பழைய செயினை எப்படிக் கழற்றுவது? சாலையோரத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: லாக் துருப்பிடித்து வரவில்லை என்றால், கண்ணிக்கு அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து உளி வைத்து அடிப்பார்கள். அந்த அடி செயினோடு நிற்காது. பல்சக்கரத்தின் வழியாக கியர் பாக்ஸின் பேரிங்குக்கோ, ஸ்விங் ஆர்முக்கோ போகும். மெக்கானிக்கைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. செயின் மாற்றக் கிடைக்கும் கூலியில் அவர் தனிக் கருவி வாங்கி வைப்பது கடினம். நாமும் ‘சீக்கிரம் அண்ணே’ என்று தலைமாட்டில் நிற்கிறோம். வீட்டில் செய்கிறவருக்கு இருக்கும் பெரிய வசதியே அவசரம் இல்லாததுதான்.

அந்த வசதியைப் பயன்படுத்த வேண்டுமானால் சரியான கருவி வேண்டும். செயின் கட்டர் என்று கேட்டால் கிடைக்கும். திருகு ஒன்றைச் சுழற்றச் சுழற்ற, அதன் நுனி ஊசி கண்ணியின் பின்னை மெல்ல வெளியே தள்ளும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று அடித்துப் போட்ட பிறகு, இந்தப் பக்கம் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. கிரைண்டரால் எதையும் அறுக்க முடியாத அந்த நாட்களில்தான் கையால் திருகும் கருவியின் அருமை எனக்குப் புரிந்தது. ஒரு எச்சரிக்கை: பின்னின் தலை தட்டி விரிக்கப்பட்டிருந்தால், முதலில் அரத்தால் அதை ராவி மட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் கட்டரின் ஊசி ஒடியும். கட்டரை வாங்கிய அன்றே ஊசியை ஒடித்தவர்களில் பெரும்பாலோர் செய்த பிழை இது ஒன்றுதான்.

மற்றவை சாதாரணச் சாமான்கள்: அச்சு நட்டுக்குச் சரியான அளவில் ரிங் ஸ்பேனர், முன் கவருக்கு டி ஸ்பேனர், லாக் கிளிப்பைக் கழற்ற நோஸ் பிளையர், மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், துணி. ஓபன் எண்ட் ஸ்பேனரால் அச்சு நட்டைத் திருகாதீர்கள். உப்பில் இறுகிய நட்டு அதற்கு அசையாது, முனை மழுங்கிவிடும். முதல் நாள் இரவே துருநீக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் கடைசியில் அச்சை இறுக்க உதவும். எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது.

வேலை தொடங்கும் முன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓட, கியரில் சக்கரம் சுற்ற, செயினில் துணியை வைத்துத் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செயினும் பல்லும் சந்திக்கும் இடத்தில் துணி போனால் விரலும் கூடவே போகும். இழுத்துக்கொள்ள ஒரு நொடிகூட ஆகாது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செயினைக் கழற்றும் முன்பே முன் ஸ்பாக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். செயின் இருக்கும்போது, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டால் ஸ்பாக்கெட் சுற்றாமல் நிற்கும். செயினைக் கழற்றிவிட்டுப் பிறகு போல்ட்டைத் திருகினால், அது ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அண்ணன் பிரேக்கை மிதித்தார், நான் தளர்த்தினேன். கவரைத் திறந்ததும் உள்ளே தார் போல இறுகிய அழுக்கு. அதை வழித்து எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அழுக்கில் மணல் இருந்தது, விரலில் நெருநெருத்தது. இத்தனை நாள் செயினை அறுத்தது இதுதான் என்று அதை அண்ணனின் உள்ளங்கையில் வைத்தேன்.

முன் கவரைத் திறக்காமலே செயினை மாற்ற ஒரு வழி உண்டு. கிணற்று ராட்டினத்தில் புதுக் கயிறு போடும்போது பழைய கயிற்றின் நுனியில் கட்டி இழுப்போம் அல்லவா, அப்படிப் பழைய செயினின் நுனியில் புதியதை லாக் போட்டு இழுத்துவிடலாம். அழகான வித்தைதான். ஆனால் நான் அதைச் செய்வதில்லை. முன்பல்லைப் பார்க்காமல் போடுகிற செயின் மேல் எனக்கு நம்பிக்கை வராது.

பின்சக்கரத்தைக் கழற்றியபோது ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரையும் பார்த்தோம். கியர் மாற்றும்போது ஏற்படும் உதறலை வாங்கிக்கொள்வது அதுதான். அது நசுங்கிக் கிடந்தால் புதுச் செயினும் உதறும். அண்ணனுடையது நசுங்கித்தான் இருந்தது. அதற்காக மறுபடியும் அறந்தாங்கி போய்வந்தோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

மீனின் தலை எந்தப் பக்கம்

புதுச் செயினின் இரு முனைகளையும் பின் ஸ்பாக்கெட்டின் மேல் வைத்து இணைப்பது சுலபம்; பல்லே முனைகளைப் பிடித்துக்கொள்ளும். லாக்கை நுழைத்து, பட்டையை வைத்து, அதன் மேல் கிளிப்பை ஏற்ற வேண்டும். இந்தக் கிளிப் ஒரு சின்ன மீன் போலவே இருக்கும். ஒரு முனை மூடி, உருண்டு தலை போல. மறுமுனை பிளந்து வால் போல.

எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது? செயின் ஓடும் திசையில் மீனின் தலை இருக்க வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் பின்சக்கரத்திலிருந்து இன்ஜினை நோக்கிப் போகும். எனவே மேலே இருக்கும்போது தலை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். சுற்றிக் கீழே வந்ததும் தலை பின்பக்கம் பார்க்கும். அது சரிதான், அங்கே ஓட்டமே பின்னோக்கித்தான். தலைகீழாகப் போட்டால், எதிலாவது உரசும்போது பிளந்த வால் மாட்டிக்கொண்டு கிளிப் கழன்றுவிடும். கிளிப் போனால் பட்டை போகும், பட்டை போனால் செயின் அறும். அறுந்த செயின் இன்ஜின் கவரை உடைக்கலாம். பின்சக்கரத்தில் சுற்றி அதை அப்படியே நிறுத்தவும் செய்யலாம்.

இது எனக்கு நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன், கட்டுமாவடி தாண்டி வரும்போது, வேறோர் ஊர்ப் பட்டறையில் நான்கு நாள் முன்பு மாற்றிய செயின் அறுந்தது. நல்லவேளை வேகம் இல்லை. பின்னால் லாரி இல்லை. செயின் மட்டும் ரோட்டில் பாம்பு போலக் கிடந்தது. மீதி இருந்த லாக்கைப் பார்த்தபோது கிளிப் போன தடம் தெரிந்தது. மாட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எந்தப் பக்கம் தலை என்று பார்க்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து என் வண்டிச் செயினை நானே போடுகிறேன்.

அண்ணனுக்கு விளக்க ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. “மீன் வாலை முன்னால வச்சு நீந்துமா தம்பி?” என்று கேட்டுவிட்டு, அவரே நோஸ் பிளையரை வாங்கிக் கிளிப்பை ஏற்றினார். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. கிளிப் பள்ளத்தில் முழுதாக விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து தொய்வு. எவ்வளவு தொய்வு வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டிலோ ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ இருக்கும். கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து அளக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அளவு சரியாக இருக்கும்படி வைக்க வேண்டும். மீன் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பாரம் ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது செயின் மேலும் இறுகும். வெறும் வண்டியில் விறைப்பாக வைத்த செயின், ஐஸ் பெட்டி ஏறியதும் கம்பி போல நிற்கும். அந்த இழுப்பு கியர் பாக்ஸ் பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் தின்றுவிடும். ‘நல்லா டைட்டா வைங்க’ என்று கேட்பது தவறு.

இரு பக்க அட்ஜஸ்டரின் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். கோணலாக நின்றால் செயின் பல்லின் பக்கவாட்டைச் சுரண்டும். அச்சு நட்டை இறுக்கிய பிறகு பலர் மறக்கும் இரண்டு உண்டு. ஒன்று, டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் டார்க் ஆர்ம் நட்டு. அதை இறுக்காமல் விட்டால் பிரேக் பிடிக்கும்போது பிளேட்டே சுற்றப் பார்க்கும். இரண்டு, பிரேக் பெடலின் ஆட்டம். சக்கரம் இடம் மாறியதால் அது மாறியிருக்கும். தெருவைத் தாண்டும் முன் இரண்டு முறை மிதித்துப் பாருங்கள்.

கழற்றிய செயின் கவரைத் திரும்ப மாட்டாமல் விடுகிறவர்களும் உண்டு, முக்கியமாக இளைஞர்கள். திறந்த செயின் பார்க்க நன்றாக இருக்கிறதாம். உப்புக்காற்று ஊரில் முழு மூடி உள்ள கவர் ஒரு வரம். அதைக் கழற்றி எறிவது வெயிலில் குடையைத் தூக்கி எறிவது போல. சேலை கார்டும் அப்படித்தான். பின்னால் உட்காருகிறவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரைக் கடலாடப் போகிற வண்டிகளில் இது இருக்கிறதா என்று நான் பார்ப்பதுண்டு. இல்லாத வண்டிகள் நிறைய.

இனி எண்ணெய். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது இங்கே பரவலான வழக்கம். அது கறுத்திருப்பதே உள்ளே கரியும் உலோகத் தூளும் இருப்பதால்தான். தேய்க்கும் பொருளையே தேய்மானத்துக்கு மருந்தாகப் போடுகிறோம். பல வண்டிகளின் கையேடுகள் சொல்வது 90 கிரேடு கியர் ஆயில். செயினுக்கென்று வரும் ஸ்பிரேயும் நல்லது. கழுவ மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் வேண்டாம்; ஓ ரிங் வைத்த செயினில் அது ரப்பரைக் கெடுத்துவிடும், உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் போய்விடும். கீழ் ஓட்டத்தின் உட்பக்கத்தில் எண்ணெய் விடுங்கள். ஓடும்போது அது வெளிப்பக்கமாகத் தானே பரவும். கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய ஆயிலையும் கொல்லையில் கொட்டாதீர்கள். மணல் பூமி இது. மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் ஆகாது. டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுத்துவிடலாம்.

மற்ற ஊரில் மாதம் ஒரு முறை செய்வதை இங்கே வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். ஐஸ் பெட்டி கட்டுகிற வண்டிக்கு அதுவும் போதாது. பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து, வடியும் நீரைக் குழாய் வழியாக ஓரத்தில் இறக்கிவிட வேண்டும். அண்ணனுக்கு அப்படி ஒன்று செய்தோம். எண்ணெய் டப்பாவின் தகடு, பழைய டியூப் ஒரு முழம். சரக்கு இறக்கி வந்ததும் நல்ல தண்ணீரில் பின்பக்கத்தை அலசி, துடைத்து, அன்றே எண்ணெய் காட்டச் சொன்னேன்.

பழைய செயினைச் சாக்கில் போட்டு இரும்புக் கடைக்கு எடுத்து வைத்தார். முதல் முந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு தொய்வை மறுபடி பார்க்க வேண்டும், புதுச் செயின் கொஞ்சம் இறங்கும் என்று சொல்லியனுப்பினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மா சட்டியோடு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். “இன்னிக்கு அந்தத் தம்பி வரலையா? சத்தத்தையே காணோமே” என்றார். எதிர்வீட்டு அக்கா வேலியோரம் நின்று சங்கரா மீனைக் காட்டினார். அண்ணன் வந்து, விற்று, அடுத்த தெருவுக்கே போயிருந்தார். இப்போது தெருமுனையில் திரும்பும்போது அவர் ஹாரன் அடிக்கிறார்.